காற்றழுத்தம் எப்படி உண்டாகிறது? மின்னலுக்கு அதில் பங்கு உண்டா?

‘குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை’ என்று வானொலியில் கேட்டதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பது நம் உழவர்களின் வழக்கம். தச்சநல்லூர்ப் பக்கம் உழவர் கூட்டங்களில், ‘இடி மின்னலின் மின்சாரம்தான் காற்றை அழுத்துகிறதா?’ என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இல்லை என்பதே விடை. காற்றழுத்தம் காற்றின் எடையால் வருவது. மின்னல், மேகம் திரண்ட பின் வருவது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பயிரையும் உயிரையும் காக்கலாம்.

காற்றின் எடை

நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. பூமி அதைத் தன்பால் இழுத்துப் பிடித்திருப்பதால் அதற்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மீது சுமார் 1 கிலோ எடை அழுத்துகிறது. வானிலை அளவில் இது சராசரியாக 1013 மில்லிபார். மேலே போகப் போகக் காற்று குறைவதால் அழுத்தமும் குறையும். மாஞ்சோலை போன்ற 1000 மீட்டர் உயர மலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இதற்குக் கிணற்று மோட்டாரே சாட்சி. மோட்டார் தண்ணீரை உறிஞ்சுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின்மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த எடை சுமார் 10 மீட்டர் நீரைத்தான் தாங்கும். தேய்மானம் போக 20 முதல் 25 அடிதான் நடைமுறைக்கு வரும். நீர்மட்டம் இறங்கியபோது கிணற்றுக்குள் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்ததன் காரணம் இதுவே. நீர்மூழ்கி மோட்டார் அடியிலிருந்து தள்ளுவதால் அதற்கு இந்த எல்லை கிடையாது.

அழுத்தம் ஏன் குறைகிறது?

வெப்பமடைந்த காற்று விரிந்து இலேசாகி மேலெழும். மேலே சென்றது பக்கங்களில் பரவிவிட்டால் அந்த இடத்தில் காற்றின் எடை குறையும். ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எடை குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமுள்ள காற்று ஓடிவரும். கோடையில் வடமேற்கு இந்தியாவில் நிலம் கொதித்து அழுத்தம் குறைவதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெற்று, பொதிகையில் மழை பொழிந்து, நமது கார் சாகுபடிக்கு நீர் வருகிறது. குளிர்காலத்தில் வடக்கே அழுத்தம் கூட, காற்று திசை மாறிப் பிசானத்துக்கு மழை தருகிறது.

வானத்து மின்சாரம்

மேகமில்லாத நாளிலும் காற்றில் மின்சாரம் உண்டு. தரையருகே ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 100 வோல்ட் வேறுபாடு இருக்கும். மின்னோட்டம் மிக மிகக் குறைவாதலால் நமக்குத் தெரிவதில்லை. பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிலையத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் இதை அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். உலகெங்கும் பெய்யும் இடிமழைகளே இந்த மின்சாரத்துக்கு முக்கிய ஊற்று. இது காற்றைத் தள்ளும் விசை, காற்றின் எடைக்கு முன் ஒன்றுமேயில்லை.

இடிமேகத்துக்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் உரசி மோதுவதால் மின்னேற்றம் பிரிகிறது. அது பாயும்போது மின்னல். மின்னல் பாதையிலுள்ள காற்று சுமார் 30,000 டிகிரி வரை சூடேறித் திடீரென விரிகிறது. அந்த அழுத்த அலையே இடி. மின்சாரம் அழுத்தத்தை மாற்றுவது இந்த ஒரு நொடியில், அந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

இடிமழையில் தழைச்சத்து வருவது உண்மையே. ஆனால் அளவு மிகச் சொற்பம். அதை நம்பி உரத்தைக் குறைக்க வேண்டாம்.

‘புயல்’ என்ற சொல்லுக்குக் காத்திராதீர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்தது பெயரிட்ட புயல் அன்று. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட இது மிகுதி. தாமிரபரணிக் கரை வயல்கள் வெள்ளக்காடாயின. ஆகவே ‘தாழ்வு நிலை’, ‘சுழற்சி’, ‘கனமழை’ என்ற சொற்களைக் கேட்டதுமே செயலில் இறங்க வேண்டும்.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கனமழை அறிவிப்பு வந்தால் யூரியா மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப் போடுங்கள். வடிகாலைச் சுத்தம் செய்து, மடையைத் திறக்க ஆயத்தமாக இருங்கள்.

2. ஆற்றங்கரை மோட்டாரையும் கால்நடைகளையும் முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குள் இருந்தால் இடிமேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நாற்றையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு வயல்நீரை விட்டு வெளியேறுங்கள். காரை வீட்டுக்குள் செல்வதே நல்லது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வயலில் இறங்க வேண்டாம்.

4. பனை, தென்னை, தனிமரம் எதன் அடியிலும் ஒதுங்காதீர், மாட்டையும் கட்டாதீர். முள்கம்பி வேலியையும் மோட்டார் சுவிட்சையும் தொடாதீர்.

5. ஒதுங்க இடமில்லையெனில் இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். தரையில் படுக்கக் கூடாது.

6. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது. தயங்காமல் தொட்டுத் தூக்கலாம். மூச்சு நின்றிருந்தால் உடனே முதலுதவி செய்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கைபேசி உள்ளவர்கள் மின்னல் எச்சரிக்கை தரும் ‘தாமினி’ செயலியை இலவசமாகப் பெறலாம். ஒரு நாள் நடவு தள்ளிப்போனால் மறுநாள் நட்டுக்கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.