கடவுச்சொல் சரி, உள்ளே விடவில்லை, ஏன்?

விண்டோஸில் ஓடும் செயலி, லினக்ஸில் இருக்கும் வலைச்சேவையை அழைக்கிறது. கடவுச்சொல் சரி, பதில் மட்டும் 401, அதாவது 'நீங்கள் யாரென்று உறுதியாகவில்லை'.

முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். வழியில் ஒருவர் கோரிக்கையை நகலெடுத்து, பிறகு மறுபடி அனுப்பி ஏமாற்றலாம். அதைத் தடுக்கவே பல அங்கீகார முறைகள் கோரிக்கையில் நேரத்தையும் பதிக்கின்றன. அவற்றில் ஒன்றான கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். உள்ளூர் நேரத்தை உலகப் பொதுநேரம் என்று பதித்துவிட்டால், இந்தியாவிலிருந்து செல்லும் கோரிக்கை ஐந்தரை மணி நேரம் 'எதிர்காலத்தில்' இருக்கும்! சர்வரோ பெரும்பாலும் காரணத்தை விளக்காது. விளக்கினால் திருடனுக்கும் உதவும். நிரலாளருக்குத்தான் தலைவலி.

பதில் 403 என்றால் வேறு கதை. ஆள் யாரென்று தெரிகிறது, அனுமதி இல்லை என்று பொருள். அதற்காகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். நிர்வாகியிடம் உரிமை கேளுங்கள்.