பெஞ்சில் இருக்கும் இன்னொரு டீம்

டி.வி.யில் இந்தியா ஆடும் ஃபுட்பால் மேட்ச் பார்த்திருப்பீர்கள். தேசிய கீதம் பாடும்போது கேமரா ஓரமாகத் திரும்பும். ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு ஒரு கூட்டமே நிற்கும். கோச் ஒருத்தர்தானே, மத்தவங்க எல்லாம் யாரு? "சும்மா வேடிக்கை பார்க்க வந்தவங்க" என்றான் என் தம்பி! அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

உதவிக் கோச், கோல்கீப்பர் கோச், ஃபிட்னஸ் கோச், பிசியோ, டாக்டர், வீடியோ பார்த்து எதிரணியை அலசுபவர், கிட் மேனேஜர் என்று பெரிய குடும்பம் அது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தோமே, அப்போது உதவிக் கோச் சண்முகம் வெங்கடேஷ். அவரே முன்னாள் இந்திய வீரர்தான். கிட் மேனேஜருக்கு என்ன பெரிய வேலை, பூட்ஸ் ஜெர்சிதானே என்று நினைக்காதீர்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்ம ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

2006 உலகக் கோப்பையில் ஒரு வேடிக்கை. ஜெர்மனி, அர்ஜென்டினா மேட்ச் பெனால்டி வரை போனது. யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று கோல்கீப்பர் கோச் கோப்கே ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க, கீப்பர் லேமன் அதை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டார். கடைசியாக வந்த கம்பியாசோவின் பெயரே சீட்டில் கிடையாது! ஆனாலும் லேமன் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். கம்பியாசோ அடித்ததைத் தடுத்தும் விட்டார்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது டாக்டர்தான். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நம் கோச் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஜர்னைல் சிங்குக்கு நடுவில் ஒரு மேட்சில் மண்டை உடைந்து தையல் போட்டார்கள். தையலோடவே ஃபைனல் ஆடி, கோலும் போட்டார். கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம்! படிக்கும்போது புல்லரிக்கும். ஆனால் இப்போது பெரிய போட்டிகளில் தலையில் அடிபட்டால் ரெஃப்ரி 3 நிமிடம் வரை ஆட்டத்தை நிறுத்தலாம். டாக்டர் சரி என்றால்தான் திரும்ப ஆடலாம். கோச் கெஞ்சினாலும் நடக்காது.

இதை ஏன் சொல்றேன்னா, போன வருஷம் கள்ளக்குறிச்சியில் நாங்கள் ஆடிய ஒரு மேட்சுக்குக் கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்துப் பசங்க வந்திருந்தாங்க. (மேடு ஏறி இறங்கின கால், என்னா ஓட்டம்!) ஹெட் பண்ணப் போய் அவங்க பையனும் எங்க பையனும் மண்டையோடு மண்டை மோதிக்கிட்டாங்க. மலைப் பையன் விழுந்துட்டான். தண்ணி ஊத்தினதும் எழுந்தான். "ஆடுடா" என்றார்கள், ஆடினான். பெஞ்சில் இருந்த என்னிடம் வந்து "ஸ்கோர் எவ்ளோ?" என்று ரெண்டு தடவை கேட்டான். கொஞ்ச நேரத்தில் கோட்டு ஓரமா வாந்தி. அப்புறம்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. ஒரு நாள் படுக்க வைத்து அனுப்பினார்களாம், நல்லவேளை. அவனைக் கவனிக்க வேண்டியது அவங்க கூட வந்த ஒரே ஒரு சார்தான். கோச், மேனேஜர், டாக்டர் எல்லாம் அவரே. எங்க பக்கமும் அதே கதை.

நமக்கு டாக்டர் வேண்டாம், ஆடாத நாலு பேர் போதும். ஒருத்தன் வேலை, தலையில் அடிபட்டவனைப் பார்ப்பது மட்டும். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், கேட்டதையே கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் வெளியே கூட்டி வந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். அவன் "வேணாம்" என்றால் பி.டி. சாரும் கேட்கணும் (சார், கோபிக்காதீங்க!). இன்னொருத்தன் சுளுக்குக்கு ஐஸ் வைப்பான். துணியில் சுற்றி 15 நிமிடம். நேராகத் தோலில் வைக்கக் கூடாது, நீவவும் கூடாது. தண்ணி ஒருத்தன், பந்தும் பம்ப்பும் ஒருத்தன்.

முதல் ஆளாக நான் பெயர் கொடுத்துவிட்டேன். சோனல் மேட்சுக்குள் இன்னும் மூணு பேர் வேணும், 9-பி வகுப்பில் வந்து பாருங்கள். ஐஸ் பெட்டி ரெடி. மீன் பெட்டிதான், ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்!