பாலா எங்களுக்குக் கற்றுத் தந்த கேள்வி

செஞ்சியில் உள்ள எங்கள் மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைக் கூடத்துச் சன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரியும். பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் முதியோர் பலர், "அந்த மலையில் ஏறி இறங்கிய கால் இது" என்று தம் காலைத் தொட்டுக் காட்டுவர். இழந்ததை அளப்பதற்கு அம்மலையே அவர்களுக்கு அளவுகோலாகிவிடுகிறது.

அக்கூடத்தில் ஞாயிறு பிற்பகல்களில் நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் படம் காட்டுவது வழக்கம். அண்மையில் செவிலியர் ஒருவர், தஞ்சாவூர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' என்னும் ஆவணப்படத்தைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவர்களாகிய நாங்கள் தயங்கினோம். விளக்கவுரை ஆங்கிலத்தில் இருந்தது. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்துப் பழகியோருக்கு இது சலிப்பூட்டும் என்று எண்ணினோம். எழுந்து நிற்க இயலாதோர் முன் நடனத்தைக் காட்டுவது புண்ணைக் கிளறுவதாகாதா என்றும் அஞ்சினோம். பத்து நிமிடங்களில் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்துடனேயே கடைசி வரிசையில் அமர்ந்தோம்.

நிறுத்தவில்லை.

1918இல் பிறந்த பாலசரஸ்வதி, வீணை தனம்மாளின் பேத்தி. பாடகி ஜெயம்மாளின் மகள். ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். ஆடும்போதே பாடவும் வல்லவர். இசைவாணர்களுக்குரிய சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாடமி 1973இல் அவருக்கு வழங்கியது. நடனக் கலைஞர் ஒருவருக்கு அது அரிய சிறப்பு.

ராய் தம் பதினான்காம் வயதில், 1935இல், கல்கத்தாவில் அவர் ஆடக் கண்டவர். ஆனால் படமெடுக்கும் வாய்ப்பு கிட்டியபோது பாலாவுக்கு வயது 58. இளமையின் வேகம் உடலில் இல்லை. படம் அதை மறைக்கவும் இல்லை. கடற்கரையில், சேலையைக் காற்று அலைக்கழிக்க, கண்ணனைக் குழந்தையாகப் பாவித்து அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். கால்கள் அதிகம் நகர்வதில்லை. கண்ணும் முகமும் கையுமே குழந்தையைக் கெஞ்சுகின்றன, கண்டிக்கின்றன, கொஞ்சுகின்றன. படத்தின் இறுதியில் பதவர்ணம் ஒன்றை ஆடுகிறார். ஏழு வயதில் அரங்கேறியபோது கட்டிய அதே சலங்கைகள் அப்போதும் அவர் காலில் இருக்கின்றன.

முன்வரிசையில் அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போயிருந்தது. திரையில் பாலா குழந்தையை அழைத்தபோது, அம்மையாரின் இடக்கை மெல்ல உயர்ந்து அதேபோல் அழைத்தது. "டாக்டர், அம்மா கையைப் பாருங்க" என்று மகள் எங்களை அழைத்தார்.

அந்தக் கை எப்போதும் நலமாகத்தான் இருந்தது. ஆனால் சோறூட்டுவது, தலைவாருவது, முகம் துடைப்பது என அனைத்தையும் அன்பின் மிகுதியால் மகளே செய்துவந்தார். எங்கள் பங்கிலும் பிழை இருந்தது. அம்மையார் நடவுப் பாட்டில் பேர்போனவர் என்று மகள் முதல் நாளே கூறியிருந்தார். செயலிழந்தவற்றையெல்லாம் வரிசையாகப் பதிந்த நாங்கள், அதை மட்டும் பதியவில்லை.

மறுநாள் மகளையே ஒரு நடவுப் பாட்டைத் தொடங்கச் சொன்னோம். அம்மையார் முதலில் மெட்டை முணுமுணுத்தார். பிறகு இரண்டு சொற்கள் தெளிவாக வந்தன. இதில் அற்புதம் ஏதுமில்லை. பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பாதியில் உள்ளது. பாட்டுக்கோ வலப்பாதியும் பெரிதும் துணைநிற்கிறது. ஆகவே பேச்சிழந்தோருள் சிலரால் பழகிய பாட்டைப் பாட முடிகிறது. அம்மையாருக்கு உரையாடல் இன்னும் திரும்பவில்லை. ஆயினும் இடக்கையால் தாமே கரண்டி பிடித்து உண்கிறார். பாதி சிந்துகிறது, மகள் பொறுமையோடு பார்த்திருக்கிறார்.

உடனிருப்போருக்கு நாங்கள் கூற விரும்புவது இதுவே. "என்ன போயிற்று?" என்று கேட்பதோடு நில்லாமல், "என்ன இருக்கிறது?" என்றும் நாள்தோறும் கேளுங்கள். நோயாளி தாமே செய்யக்கூடியதை, நேரமானாலும் அவரையே செய்யவிடுங்கள். விழுங்குவதில் இடரில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பின்னரே வாய்வழி உணவைத் தொடங்குங்கள். அவர் பாடிய பாட்டையும் பழகிய தொழிலையும் எங்களிடம் கூறுங்கள். பக்கவாதத்திற்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் மீட்சி விரைவாக இருக்கும். அதன் பின்னரும் பயிற்சி வீண்போவதில்லை.

எங்கள் நோயாளர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: "இவரால் இயல்பவை." அதை நிரப்ப உங்கள் உதவி எங்களுக்குத் தேவை.