விழப்போகும் பல் தானே என்று விட்டுவிடலாமா?

விழுந்த பாற்பல்லைக் கூரை மீது எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்கும் வழக்கம் எமது நாட்டில் இன்னமும் முற்றாக மறைந்துவிடவில்லை. உரிய வயதில் தானாக ஆடி விழும் பல்லுக்கு அது பொருந்தும். ஆனால், நான்கு ஐந்து வயதிலேயே சூத்தை பற்றி, வலி தாங்காது பிடுங்கப்பட்ட கடைவாய்ப் பல்லின் கதை வேறானது. 'எப்படியும் விழப்போகும் பல் தானே' என்று பெற்றோர் ஆறுதலடையும் இந்த இடத்திலேயே நாம் அவர்களுடன் மாறுபட வேண்டியுள்ளது.

பாற்பற்கள் மொத்தம் 20. அவை யாவும் ஒரே காலத்தில் விழுவனவல்ல. முன்பற்கள் 6 வயதளவில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பாற்பற்கள் 9 முதல் 12 வயது வரையில் வாயில் இருக்க வேண்டியவை. உணவை மெல்லுவதுடன் அவற்றின் பணி முடிந்துவிடுவதில்லை. தமக்குக் கீழே தாடையினுள் வளர்ந்துவரும் நிலையான பல்லுக்குரிய இடத்தைக் காத்து வைத்திருப்பவையும் அவையே.

6 வயதளவில், பாற்பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முதலாவது நிலையான கடைவாய்ப்பல் முளைக்கின்றது. (இதனையும் பாற்பல் என்று எண்ணிக் கவனியாது விடும் பெற்றோர் பலருளர்.) அதற்கு முன்னாலுள்ள பாற்பல் அகற்றப்பட்டிருப்பின், இப்பல் வெற்றிடத்தை நோக்கிச் சரிந்து நகர்கின்றது. பல ஆண்டுகளின் பின்னர் அவ்விடத்தில் முளைக்க வேண்டிய நிலையான பல், இடமின்றித் தாடையினுள்ளேயே தங்கிவிடலாம். அல்லது வரிசை விலகி முளைக்கலாம். பின்னர் கம்பி போட்டுச் சீர்செய்வதற்கு ஆகும் செலவும் காலமும் சிறியனவல்ல.

இதனைத் தடுக்க எளிய வழியொன்றுள்ளது. பக்கத்துப் பல்லில் உலோக வளையமொன்றைப் பொருத்தி, அதனுடன் இணைந்த கம்பியினால் வெற்றிடம் மூடாது காக்கப்படுகின்றது. புதிய பல் தலைகாட்டியதும் அது அகற்றப்படும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. முன்பல்லை இழந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அவசியமில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துப் பல் வைத்தியரே அதனைத் தீர்மானிப்பார். கருவி பொருத்திய பிள்ளைக்கு டொபி, சூயிங்கம் போன்ற ஒட்டும் பண்டங்களைக் கொடுத்தலாகாது. வளையத்தைச் சுற்றித் துலக்குவதிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

விழுந்து அடிபட்டுப் பாற்பல் முழுதாகக் கழன்றால், அதனை மீண்டும் குழியினுள் செருகக் கூடாது. உள்ளே வளரும் பல்லுக்கு அது ஊறு விளைவிக்கும். நிலையான பல்லாயின் நிலைமை நேர்மாறானது. அதன் வேரைத் தொடாது எடுத்து, உடன் குழியில் வைக்க வேண்டும். இயலாவிடின் பாலில் இட்டு, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எனினும், அடிபட்டு இழக்கும் பற்களிலும் பார்க்க, சீனி கலந்த சூப்பிப் போத்தலுடன் உறங்க வைப்பதனால் இழக்கும் பற்களே எமக்குப் பெருங்கவலையளிக்கின்றன. மஹரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பிள்ளைகளின் சூத்தையை இலவசமாக அடைத்துவிடுகின்றனர். அச்சேவை எட்டாத பிரதேசங்களும் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், எட்டும் இடங்களிலும் கூட வீக்கமும் வலியும் கண்ட பின்னரே பிள்ளையை அழைத்துச் சென்று, "பிடுங்கிவிடுங்கள்" என்று கேட்கின்றோம். அவ்வேளையிலேனும், பிடுங்காது காப்பாற்ற வழியுண்டா, பிடுங்கினால் இடத்தைக் காக்க என்ன செய்வது என்ற இரு கேள்விகளையும் பெற்றோர் கேட்க வேண்டும்.