வெளிமரத்துக்கு நிறமே காவல்

மனையும் மரமும் – 17

“தேக்கோட நெறம் மாறக் கூடாது அண்ணாச்சி. தண்ணி மாதிரி தெளிவா இருக்கிற ஆயிலாக் குடுங்க.”

பெயிண்ட் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. காசைக் கொட்டித் தேக்கில் கேட் செய்தவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்? மரத்தின் வரி பளிச்சென்று தெரியவேண்டும். வெயிலும் மழையும் அண்டக் கூடாது. கடைக்காரரும் நிறமில்லாத எண்ணெய் டப்பா ஒன்றை எடுத்துக் கொடுப்பார். நேர் வெயிலில் நிற்கும் கேட் என்றால் ஒரு கோடைக்குள் வெளுக்கத் தொடங்கும். ஒரு மழைக்காலமும் கடந்தால் சாம்பல் பூத்துவிடும்.

சென்ற வாரம் வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமான்களுக்கு என்ன பூசலாம் என்று பார்த்தோம். அங்கே நிறம் அவரவர் ரசனை. வாசலைத் தாண்டி வெளியே வந்தால் கணக்கு மாறுகிறது. கேட், திண்ணைத் தூண், மொட்டைமாடிப் பெஞ்சு, பால்கனிக் கைப்பிடி என்று வெயிலில் காயும் எதற்கும் நிறம்தான் முதல் காவல். எண்ணெய் அந்த நிறத்தைச் சுமந்துகொண்டு மரத்துக்குள் போகிற வாகனம்.

வெயில் செய்யும் வேலை

மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை மிகுதியாக உறிஞ்சி முதலில் சிதைவதும் அதுவே. சிதைந்த லிக்னின் மழையில் கரைந்து ஓடிவிட, மேலே வெறும் நார் மட்டும் நிற்கிறது. அதில் தூசியும் பூஞ்சையும் குடியேற, நாம் பார்க்கும் சாம்பல் நிறம் வந்துவிடுகிறது. பழைய கேட்டை உள்ளங்கையால் தடவினால் மெல்லிய நார் கையோடு வருகிறதே, அது பிடிமானம் இழந்த நார்தான்.

புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இறங்குவதில்லை. ஆனால் எண்ணெய் பற்றிக்கொண்டிருப்பதும் அதே மேல்தோலைத்தான். நிறமில்லாத எண்ணெய் வழியாகக் கதிர் தடையின்றி உள்ளே போய், எண்ணெய் பிடித்திருக்கும் நாரையே தளர்த்திவிடுகிறது. எண்ணெய் தரமானதுதான், அது நிற்க வேண்டிய தரை போய்விட்டது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் கலந்த நிறமற்ற எண்ணெய்களும் விற்கின்றன. அவை சற்றுக் கூடுதல் காலம் தாங்கும், அவ்வளவுதான்.

நிறமி கலந்த எண்ணெயில் நடப்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்கள் மரத்தின் மேல் குடை விரித்தாற்போல் பரவி, கதிரைத் தாங்கள் வாங்கிக்கொள்கின்றன. பெரும்பாலும் இந்தத் துகள் இரும்பு ஆக்சைடு. நாட்டுப்புறத்தில் சொன்னால் துரு, காவி மண்ணின் உறவு. மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று எல்லாச் சாயலும் அதிலிருந்தே வரும். மிக நுண்ணியதாக அரைத்துவிட்டால் மரத்தின் வரியை மறைக்காமலே கதிரை மட்டும் தடுக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சுவீடன் நாட்டில் ஃபாலுன் என்ற ஊரில் 1992 வரை இயங்கிய பழைமையான செப்புச் சுரங்கம் ஒன்று உண்டு. 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தச் சுரங்கத்தின் கழிவு மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுதி. அதைத் தண்ணீர், தானிய மாவு, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றுடன் காய்ச்சிய செம்பூச்சைத்தான் அந்நாட்டு மரவீடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூசிவருகிறார்கள்.

எந்த எண்ணெய்?

நம் பக்கத்தில் கதவுக்கு நல்லெண்ணெய் தேய்க்கும் வழக்கம் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் கதவுக்குப் பளபளப்பு வரும், அதோடு சரி. எண்ணெய்களில் காற்றுப்பட்டால் இறுகுவது உண்டு, இறுகாதது உண்டு. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் இறுகாத இனம். நல்லெண்ணெய் அரைகுறை, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். ஆளிவிதை எண்ணெய், அதாவது கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைப்பது, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகிவிடும். சீனாவிலிருந்து வந்த டங் எண்ணெயும் அப்படித்தான். தண்ணீரைத் தாங்குவதில் அது ஆளிவிதையைவிட ஒரு படி மேல். வெளிமரத்துக்கென்று விற்கும் எண்ணெய்களில் பல, இப்படி இறுகும் எண்ணெயுடன் ரெசின், நிறமி, பூஞ்சைக்கொல்லி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தவை. வெறும் லின்சீட் ஆயிலை வாங்கிப் பூசினால் மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் கருஞ்சிவப்பு எண்ணெயைத் தோணிக்கும் கூரை மரத்துக்கும் பூசுவார்கள். நிறமும் காவலும் ஒரே எண்ணெயில் அமைந்த சரக்கு அது; பூச்சியும் அண்டாது. ஆனால் பச்சை எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போடும். பழகாத கை அதைத் தொட வேண்டாம்.

பழைய என்ஜின் ஆயிலைப் பூசும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடலாம். அது ஒருநாளும் இறுகாது, கையிலும் துணியிலும் ஒட்டும், உடம்புக்கும் ஆகாது. இன்னொன்று: நிற எண்ணெய் கரையான் மருந்து ஆகாது. மண்ணைத் தொடும் தூணுக்கு அந்த மருந்தைத் தனியாகத்தான் அடிக்க வேண்டும்.

எந்த நிறம்?

நிறமி கூடக் கூடக் காவல் கூடும் என்றால், கன்னங்கரேல் என்று பூசிவிடலாமே? நம் வெயிலுக்கு அது சரிப்படாது. கருத்த மரம் சூட்டை இழுத்துக்கொள்ளும். மே மாதத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார முடியாது; பைன் போன்ற மரமாக இருந்தால் பிசினும் கசியும். தேன் நிறத்துக்கும் வால்நட் பழுப்புக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நமக்குத் தோது. தெற்கு, மேற்குப் பக்கம் பார்த்த மரத்துக்கு ஒரு சாயல் கூட்டி எடுக்கலாம். நாள் முழுக்க நிழலில் இருக்கும் திண்ணைத் தூணுக்கு ஒரு சாயல் குறைத்தாலும் மோசமில்லை.

கடையில் காட்டும் அட்டையை நம்பி நிறம் எடுக்காதீர்கள். அந்த நிறம் வேறு ஏதோ மரத்தின்மேல் வந்தது. அதே டப்பா வேம்பில் ஒரு நிறம், தேக்கில் ஒரு நிறம், வேங்கையில் இன்னொரு நிறம் காட்டும். ஆசாரி வேலை செய்த மரத்தின் மிச்சத் துண்டு கிடக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட்டில் பார்க்கிற நிறம் வெயிலில் இருக்காது.

பூசும் முறை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நம் மரங்களை ஊறவைக்கிறது. ஈரம் நிறைந்த மரத்தில் எண்ணெய் இறங்க இடமிருக்காது. பொங்கல் முடிந்து மரம் உலர்ந்தபின், தை மாசி மாதங்களில் பூசுவது உத்தமம். மரத்தின் மேல் நேர் வெயில் விழும்போது பூசக் கூடாது. எண்ணெய் உள்ளே இறங்கும் முன்பே மேலே ஆடை கட்டிவிடும். கிழக்கு வாசல் கேட்டுக்கு மதியத்துக்குமேல் கைவையுங்கள், மேற்கு வாசலுக்குக் காலையில்.

பழைய வார்னிஷ் இருந்தால் ஒட்டுமொத்தமாக உரித்தெடுக்க வேண்டும். அது துளி மிச்சம் இருந்தாலும் அந்த இடத்தில் எண்ணெய் இறங்காது, திட்டுத் திட்டாக நிற்கும். சாம்பல் பூத்த மேல்தோலை 80 எண் உப்புத்தாளால் மரவரியின் போக்கிலேயே தேய்த்து, 120-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் மேசைக்குச் செய்வதுபோல் 220, 320 என்று வழவழப்பாக்கினால் மரத்தின் வாய் அடைபட்டுவிடும். ஆணியைச் சுற்றிக் கருப்புக் கறை இருந்தால் அது மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கியது. ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதைப் போக்கும். கையுறை அவசியம், பிறகு நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடவும் வேண்டும். இரும்பு நார் கொண்டு தேய்க்கவே கூடாது. உடைந்து தங்கும் துகள் ஒவ்வொன்றும் மழைக்குப்பின் ஒரு கரும்புள்ளி ஆகும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிட வேண்டும். தயாரா என்று பார்க்க இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும். சொட்டு முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும். ஊறிப்போனால் பிரஷ்ஷை எடுக்கலாம்.

டப்பாவைத் திறந்ததும் அடிவரை குச்சி விட்டுக் கலக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய நிறமி முழுவதும் அடியில்தான் படிந்திருக்கும். கலக்காமல் ஆரம்பித்தால் கேட்டின் மேல்பாதி வெளிறியும் கீழ்ப்பாதி கறுத்தும் போகும். வேலைக்கு நடுநடுவேயும் கலக்க வேண்டும். இரண்டு டப்பா தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுவது நல்லது. லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 6 அடிக்கு 4 அடி கேட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 48 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சரியாக வரும். காய்ந்துபோன பழைய மரம் முதல் கோட்டில் கூடுதலாகவே இழுக்கும்.

ஒரு பலகையை எடுத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் பூசி முடிக்க வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போனால் அந்த இடத்தில் கோடு விழும். கால் மணி நேரத்துக்குப் பிறகு செய்யும் வேலையில்தான் நல்ல பெயிண்டர் தெரிவார். வீட்டுக்காரர், “தொடைக்காதீங்க மேஸ்திரி, நல்லா தடிமனா நிக்கட்டும்” என்பார். மேஸ்திரி பனியன் வேஸ்ட் ஒன்றை உருட்டியெடுத்து, “மரம் குடிச்சது போதும் சார். மேல நிக்கிறது மரத்துக்குச் சேராது” என்று சொல்லிக்கொண்டே அழுத்தித் துடைப்பார். மேஸ்திரி சொல்வதே சரி. மேலே தங்கும் எண்ணெய் தோலாக இறுகி, பிசுபிசுத்து, பிறகு வார்னிஷ்போல் உரியும். டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, இரண்டாவது கோட்டையும் அதேபோல் மெல்லிசாகப் பூசித் துடைக்க வேண்டும்.

பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: மரத்தின் வெட்டுமுகம். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் அங்கேதான் வாய்திறந்து நிற்கின்றன. பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக மழையை இழுக்கும். ஐப்பசி மழையில் கதவு ஊறிப் பிடித்துக்கொள்கிறது என்று இழைப்புளி கொண்டு சீவச் சொல்கிறோம். கதவைக் கழற்றி அடிவிளிம்பைப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கே பிரஷ்ஷே பட்டிருக்காது. பெஞ்சுக் கால்களை ஒவ்வொரு தட்டு எண்ணெயில் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் வேண்டியதைக் கால் தானே இழுத்துக்கொள்ளும்.

துடைத்த துணி

இறுகும் எண்ணெய் ஆக்சிஜனை எடுக்கும்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் குவித்தால் உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில், மரவேலைக்குப் பயன்படுத்திய லின்சீட் ஆயில் துணிகள் 22-ஆம் மாடியில் இப்படித்தான் எரியத் தொடங்கின. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தனர். மேலே ஏறிய தீ, 30-ஆம் மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்களால்தான் அடங்கியது. வேலை முடிந்ததும் துணியை ஒற்றையாக விரித்து வெட்டவெளியில் காயப்போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மாடிப்படிக்கு அடியில் மூட்டையாகப் போட்டு வைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

மறுபூச்சு

நோர்வேயில் போர்குண்ட் என்ற ஊரில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதைக் காத்துவருவது, பைன் மரத்திலிருந்து எடுத்த கரிய தாரை மீண்டும் மீண்டும் பூசிவரும் வழக்கம். ஒரு பூச்சு நூற்றாண்டுகளைத் தாங்குவதில்லை. விடாத மறுபூச்சுதான் தாங்குகிறது.

எண்ணெயின் பெரிய வசதியும் அதுவே. வார்னிஷ் உரிந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் உரிவதில்லை, மங்குகிறது. மங்கும்போதே தூசி கழுவி, காயவைத்து, ஒரு கோட் பூசினால் போதும். நேர் வெயிலில் நிற்கும் மரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை, நிழல் மரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பல் பூக்கும்வரை விட்டால் மீண்டும் உப்புத்தாள், மீண்டும் கூலி.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போனால், வெளிமரத்துக்கு நிறமி உள்ள எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். தேக்கின் நிறம் மாறக் கூடாது என்று நினைப்பவர்களும் தேக்கு நிறச் சாயலே வாங்கலாம். நிறமில்லாத டப்பாவைக் கூடத்து ஊஞ்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)