கிழிச்சுப் பாருங்க... விஷயம் தெரியும்!

உங்க ரஃப் நோட்டுல இருந்து ஒரு தாளை மெதுவா கிழிங்க பாஸ். ஓரத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. குட்டிக் குட்டி முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கா? அதுதான் நார். பேப்பரோட பலமே அதுலதான் இருக்கு!

மரக்கூழ் பேப்பர்ல நார் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். ஜப்பான்ல கையால செய்யற 'வாஷி' பேப்பர்ல? சுமார் 10 மில்லிமீட்டர்! 'கோஸோ' செடியோட உள்பட்டையை வேக வெச்சு, தட்டி, தண்ணியில கலக்குவாங்க. கூடவே ஒரு வேரோட வழவழ சாறு. அந்தச் செடி யாருன்னு நினைக்கறீங்க? நம்ம வெண்டைக்காய்க்குச் சொந்தக்காரர்! சாறு பசைக்காக இல்ல. நார் அடியில தங்காம மிதக்கணும், தண்ணி மெதுவா வடியணும், அதுக்குத்தான். மூங்கில் சல்லடையில அள்ளி ஆட்ட ஆட்ட, நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். காய்ஞ்சதும் கெமிஸ்ட்ரியில படிச்ச ஹைட்ரஜன் பாண்ட் மிச்ச வேலையைப் பார்த்துக்கும். வெளிச்சம் ஊடுருவும் மெல்லிசு, ஆனா செம ஸ்ட்ராங். 2014-ல யுனெஸ்கோவே இந்தக் கலையைத் தன் பட்டியல்ல சேர்த்துச்சு.

'சரி, நமக்கென்ன?'ங்கறீங்களா? 19-ம் நூற்றாண்டு நடுவுல இருந்து வந்த ஏகப்பட்ட புத்தகங்கள் அமிலம் கலந்த பேப்பர்ல அச்சானவை. பழுப்பாகி, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. அந்தப் பக்கங்களை ஒட்டிக் காப்பாத்த உலகம் முழுக்க நூலகங்கள் தேடறது வாஷியைத்தான். எழுத்தை மறைக்காம பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும்!

நம்ம ஊர்லயும் ஆள் இருக்காங்க. தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி.குமரப்பா, காந்தி 1934-ல தொடங்கின கிராமக் கைத்தொழில் சங்கத்தோட செயலாளரா இருந்து, கைக்காகிதத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். ஜெய்ப்பூர் பக்கத்துல சாங்கானேர்ல இருக்கற தேசிய கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பேர்தான்.

இன்னும் கிட்ட வேணுமா? பாண்டிச்சேரி! அங்கே அரவிந்தர் ஆசிரமத்தோட கைக்காகிதப் பட்டறை 1959-ல ஆரம்பிச்சது. இங்கே மரமும் வேணாம், கோஸோவும் வேணாம். பருத்தித் துணி வெட்டுத் துண்டுகள் போதும். நம்ம தண்டையார்பேட்டை டெய்லர் கடையில கூட்டித் தள்ளறாங்களே, அதே ஐட்டம்தான். கூழா அரைச்சு, சல்லடையில அள்ளி, அழுத்தி, காய வெச்சா அழகான பேப்பர் ரெடி!

கடைசியா ஒரு ரிக்வெஸ்ட். வீட்டுப் பரண்ல தாத்தாவோட பழைய புத்தகம் கிடைச்சா, கிழிசல்ல செல்லோ டேப் மட்டும் ஒட்டிடாதீங்க. நாளாக நாளாக அந்தப் பசை பழுப்பேறி, பக்கத்தையே பாழாக்கிடும். பத்திரமா உறையில போட்டு வைங்க. பொறுமையா ஒட்டறதுக்குப் பேப்பரும் இருக்கு, கத்துக்கொடுக்க ஆளும் இருக்காங்க!