மடிக்கணினிக்கு இணையம் பாய்ச்சும் கைப்பேசி



இன்றைக்கு நாம் பேசப்போவது உரத்தைப் பற்றியோ, பூச்சி மருந்தைப் பற்றியோ இல்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற கைப்பேசியைப் பற்றி. 'அதைப் பற்றித்தான் எங்களுக்குத் தெரியுமே, எங்க வீட்டு வாண்டு கூட நோண்டுதே' என்பீர்கள். தெரியும். ஆனால் அந்தப் போனை வைத்தே வீட்டிலிருக்கும் மடிக்கணினிக்கு, அதாவது லேப்டாப்புக்கு, இணையத்தைக் கொண்டுபோகலாம் என்பது தெரியாமல், பிரவுசிங் சென்டர் வாசலில் அரை நாள் காத்துக் கிடக்கிறவர்களை மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டி என்று எங்கே போனாலும் பார்க்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். ஒன்றரை ஏக்கர் முந்திரி உண்டு. வீடு நகரியத்துக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டினாற்போல ஒத்தை வீடு. வயர் வழியாக இணையம் வாங்க வழியில்லை. அவர் மகள் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பேர் கொடுத்திருந்தாள். தமிழ்நாட்டில் 2018-லிருந்து அந்தக் கலந்தாய்வு இணையம் வழியாகத்தான் நடக்கிறது. முன்போலச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப் பிரிவு என்று விருப்ப வரிசையைக் குறித்த நாளுக்குள் நாமே பதிய வேண்டும். வரிசையில் எது மேலே, எது கீழே என்பதுதான் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கும். போனின் சின்னத் திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் போட்டால், மூன்றாவது இருக்க வேண்டியது முப்பதாவதாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பெரிய திரை வேணும் என்று பாப்பா பிடிவாதம் பிடித்தாள். நியாயந்தான்.

உறவுக்காரப் பையன் ஒருவன் அரசாங்கப் பள்ளியில் படித்தபோது வாங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த வகை. அதை இரவல் வாங்கித் துடைத்து வைத்தாயிற்று. கெடு முடிய ஒரு ராத்திரிதான் பாக்கி. அண்ணன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் கூட ஆகவில்லை, பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. 'சித்தப்பா, நெட் வேலை செய்யல, அப்பா நைட் ஷிஃப்ட்டுக்கு வேற கிளம்பணும்' என்று எனக்குப் போன் வந்தபோது அந்தக் குழந்தை குரலில் அழுகை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், தப்பு எங்கே என்பது தானே விளங்கும்.

சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெட்ட வேண்டுமானால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ராப்பகலாக பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்கு இது தெரியாததில்லை. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய்ப் பாசனத்துக்கும் ஆகிறது. நம்ம சங்கதியும் அப்படித்தான். ஊருக்கு வெளியே நிற்கிற செல்போன் கோபுரத்தை பம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அனுப்பும் அலையை உங்கள் போன் வாங்குகிறது. வாங்கியதைத் தானே வைத்துக்கொள்ளாமல், மதகைத் திறந்து இன்னொரு சின்ன வாய்க்கால் வழியாக மடிக்கணினிக்கு விடுகிறது. கோபுரத்திலிருந்து போனுக்கு ஒரு அலை, போனிலிருந்து கணினிக்கு வேறொரு அலை. இரண்டுக்கும் நடுவில் மாற்றிக் கொடுக்கிற வேலையைப் போன் செய்கிறது. இப்படி மாற்றிக் கொடுக்கிற கருவிக்குத்தான் மோடம் என்று பெயர்.

1995 ஆகஸ்டு 15-ந் தேதி நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தபோது, மோடம் என்பது தனியாக ஒரு பெட்டி. டெலிபோன் ஒயரைச் சொருகினால் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிறகு போனையே ஒயரால் கணினியில் மாட்டி, நட்சத்திரம் தொண்ணூற்றொன்பது என்று எண் போட்டு இணைத்த காலம் ஒன்று இருந்தது. ஒயரே இல்லாமல் போனை வைத்துப் பல கருவிகளுக்கு இணையம் கொடுக்கும் வசதி 2010-க்குப் பிறகு சாதாரணப் போன்களிலும் வந்துவிட்டது. இந்த வசதிக்கு 'டெதரிங்' என்று பெயர். மாட்டை முளையடித்துக் கயிற்றில் கட்டுகிறோமே, இங்கிலீஷில் அதற்குத்தான் அந்த வார்த்தை! போன்தான் முளை, கணினி மாடு. கயிற்று நீளத்துக்குள்தான் மாடு மேயும்.

அந்தக் கயிறு மூன்று விதம்.

பெரும்பாலோர் பயன்படுத்துவது வைஃபை ஹாட்ஸ்பாட். போனில் செட்டிங்ஸ் போய், 'ஹாட்ஸ்பாட்' என்று இருப்பதைத் தொட்டு, ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, திறந்துவிட வேண்டியதுதான். கணினியின் மூலையில் வைஃபை குறியைத் தொட்டால் அந்தப் பெயர் தெரியும். கடவுச்சொல்லைப் போட்டால் இணைந்துவிடும். ஒரு தடவை போட்டால் போதும், அடுத்த முறை கணினியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு பேச்சுக்கு இங்கே ஒன்று சொல்லலாம். ரேடியோப் பெட்டி வைத்திருந்ததற்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வைஃபையும் ரேடியோ அலைதான், ஆனால் அதில் ஒரு அலைவரிசைக்கு 2005-லேயே லைசென்ஸ் வேண்டாம் என்று அரசாங்கம் விட்டுவிட்டது.

இரண்டாவது, சார்ஜ் போடுகிற யு.எஸ்.பி. ஒயர். ஒயரை மாட்டி, போனில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்தால் போதும். கடவுச்சொல் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வாரோ என்ற பயம் வேண்டாம், போனுக்கும் கணினியிலிருந்து கொஞ்சம் சார்ஜ் ஏறும். ஆனால் மலிவான ஒயர்கள் சிலவற்றில் சார்ஜ் ஏறுவதற்கான கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. மாட்டியும் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால், போனையும் கணினியையும் திட்டுவதற்கு முன்னே ஒயரை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது புளூடூத். வேகம் ரொம்பக் குறைவு. வேறு வழியே இல்லாதபோது பார்க்கலாம்.

பழைய மடிக்கணினிக்காரர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. புதுப் போன்கள் சில 5-ல் திறந்து வைத்திருக்கும். பழைய கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். அப்போது ஹாட்ஸ்பாட் திறந்திருந்தும் கணினியில் பெயரே வராது. 'மெஷின் கெட்டுப்போச்சு' என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் அலைவரிசையை 2.4-க்கு மாற்றுங்கள். பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யு.பி.ஏ. 3 என்று இருந்தால், அதை டபிள்யு.பி.ஏ. 2 ஆக்குங்கள். முக்கால்வாசிச் சிக்கல் இதிலேயே தீரும். அதோடு 2.4-க்குச் சுவரைத் தாண்டும் சக்தியும் கூடுதல்.

அந்தச் சக்தியை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். தோப்பு வீடுகளில் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். மாடிப்படியிலோ, கிழக்கு ஜன்னலிலோ மூன்று கோடு காட்டும். அப்படியானால் போனை ஜன்னலில் வைத்துவிட்டு, நீங்கள் கணினியோடு உள்ளே உட்காருங்கள். ஏழெட்டு மீட்டர் தூரமும் இடையே ஒரு சுவரும் இருந்தால் வைஃபைக்கு அது பெரிய விஷயமில்லை. கோபுரத்து அலை வீட்டுக்குள் நுழையத்தான் கஷ்டம். தகரக் கொட்டகையில் மட்டும் இந்த வித்தை சரிவராது, தகரம் அலையை மறித்துவிடும். ஜன்னலில் வைக்கும்போது வெயில் படாமல் வையுங்கள். ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் தானாகவே சூடாகும், சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் சூடாகும். சித்திரை வெயிலும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. தலையணைக்கு அடியில் வைப்பது கூடவே கூடாது.

இப்போது பாப்பா கதைக்கு வருகிறேன்.

அண்ணன் போட்டிருந்தது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தருகிற ரீசார்ஜ். போனில் பாட்டுக் கேட்கவும் படம் அனுப்பவும் அது ஏராளம். ஆனால் அந்த மடிக்கணினி பல மாசமாகத் திறக்கப்படாமல் கிடந்தது. இணையம் கிடைத்தவுடன், பட்டினி கிடந்த மாடு வைக்கோல் போரைக் கண்ட மாதிரி, விண்டோஸ் தன்னுடைய அப்டேட்டுகளையெல்லாம் பின்னாலே சத்தமில்லாமல் இறக்க ஆரம்பித்துவிட்டது. திரையில் ஒன்றும் தெரியாது. வரப்பில் நண்டு வளை இருந்தால், மேலே பார்க்க மடை சரியாக இருக்கும், தண்ணீர் கீழே ஓடிப்போயிருக்கும் அல்லவா? அதே கதை. ஒன்றரை ஜி.பி.யும் அரை மணியில் காலி.

அன்றாட அளவு தீர்ந்தால் இணைப்பு அறுந்துபோகாது. பெரும்பாலான ரீசார்ஜுகளில் வேகம் 64 கே.பி.பி.எஸ். என்று சுருங்கிவிடும். அந்தக் கீச்சுக் கீச்சுப் பெட்டியின் வேகமும் ஏறக்குறைய அதேதான். அப்போதைய பக்கங்கள் வெறும் எழுத்து, அதனால் ஓடியது. இந்த வேகத்தில் ஒரு எம்.பி. இறங்கவே இரண்டு நிமிஷம் ஆகும். படமும் பட்டனுமாக இருக்கிற இன்றைய பக்கம் எப்படித் திறக்கும்? சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

வளையை அடைப்பது ரொம்பச் சுலபம், முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கணினியில் ஹாட்ஸ்பாட்டோடு இணைந்தவுடன், விண்டோஸ் செட்டிங்ஸ் போய், 'நெட்வொர்க்' என்ற இடத்தில் அந்த வைஃபை பெயரைத் தொட்டால் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து வையுங்கள். 'இது அளந்து கொடுக்கிற தண்ணீர்' என்று கணினிக்குச் சொன்ன மாதிரி. அப்டேட்டுகளில் பெரும்பாலானவற்றை அது நிறுத்தி வைக்கும். அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது கணினியின் பாதுகாப்புக்குத் தேவை. வேறு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, ராத்திரி மிச்சமிருக்கும் டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். வீடியோ பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரை பெரிதாக இருப்பதால் கணினியில் வீடியோ தானாகவே கூடுதல் தரத்தில் ஓடும். தரத்தை 480-க்குக் குறைத்து வைத்தால் பாடம் படிக்க அது தாராளம்.

அன்றைக்கு நான் சொன்னபடி முதலில் பக்கத்துத் தோப்புக்காரர் போனை இரவல் வாங்கி, அதில் ஹாட்ஸ்பாட் திறந்து, மேற்சொன்ன மீட்டர் வேலையையும் செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். நல்ல மனுஷர், மறு பேச்சில்லாமல் கொடுத்தார். ஆனால் இன்னொரு முடிச்சு விழுந்தது. ஓ.டி.பி. எண் வருவது பதிவு செய்த அண்ணன் போனுக்கு. அவரோ ஷிஃப்ட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். இறங்கி நின்று எண்ணைப் படித்துச் சொன்னார், பாப்பா உள்ளே நுழைந்தாள். மனுஷர் மட்டும் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, பேச்சு வாங்கினார். இரவல் போனில் நடுவே இரண்டு தடவை இணைப்பு நின்றது. என்னவென்று பார்த்தால், தோப்புக்காரருக்கு அழைப்பு வருகிற போதெல்லாம் நிற்கிறது. இரண்டு சிம் போட்ட போனில், ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் இணையம் நிற்பது உண்டு. ஒரே சிம் ஆனாலும் வோல்ட்டி வசதி திறந்திருக்காவிட்டால் இதேதான். முக்கியமான வேலை செய்யும்போது வீட்டாரிடம் 'கொஞ்ச நேரம் கூப்பிடாதீங்க' என்று சொல்லி வைப்பது நல்லது.

ராத்திரி பதினொன்றரைக்கு வரிசையைச் சரிபார்த்துப் பூட்டினாள். அந்த வரிசையில் கிடைத்த கல்லூரியில்தான் இப்போது படிக்கிறாள்.

'இவ்வளவு தொல்லைக்குப் பிரவுசிங் சென்டரே மேல்' என்று யாராவது நினைக்கலாம். பட்டா, சிட்டா எடுப்பதற்கு அங்கே போங்கள், தப்பில்லை. ஆனால் பிள்ளையின் பயனர் பெயர், கடவுச்சொல், ஓ.டி.பி. எல்லாவற்றையும் அறிமுகமில்லாதவர் கையில் கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே அவசரமாக வரிசை போடச் சொல்வது என் மனசுக்கு ஒப்பவில்லை. வீட்டில் உட்கார்ந்து, நாலு பேரிடம் கேட்டு, மாற்றி மாற்றிப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் அது.

ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லும் அப்படித்தான். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும். ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகவோ, உங்கள் போன் நம்பரையோ வைக்காதீர்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து வைத்தால் தெருவில் போகிறவரும் இழுக்கலாம், அவர் என்ன செய்தாலும் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், பேட்டரியும் மிஞ்சும்.

அண்ணன் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அவருடைய பழைய போன், திரை கீறல் விழுந்தது, விற்றாலும் ஒன்றும் தேறாது. ஆனால் சிம் எடுக்கிறது, ஹாட்ஸ்பாட் திறக்கிறது. சின்ன டேட்டா ரீசார்ஜ் ஒன்றைப் போட்டு அதைக் கிழக்கு ஜன்னல் ஓரமாகவே வைத்தாயிற்று. பாப்பா லீவுக்கு வரும்போது மட்டும் ரீசார்ஜ் செய்கிறார்கள். அண்ணன் தன் போனோடு ஷிஃப்ட்டுக்குப் போனாலும் இணையம் வீட்டிலேயே இருக்கிறது.